மாப்பிள்ளை கை படாத தாளம்

எனக்குக் கல்யாணம் நிச்சயமான எண்பத்தெட்டாம் வருஷத்தில் சிங்கப்பூரில் என்னைவிடச் சந்தோஷமான பெண் ஒருத்தி இருந்திருந்தால், அவள் யாரென்று பார்க்க எனக்கு ஆசைதான். ஷென்டன் வேயில் ஒரு கப்பல் கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை. நாள் முழுக்கச் சரக்குப் பெட்டிகளின் எண்களைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே எனக்குள்ளேயே சிரிப்பேன். பக்கத்து மேசைச் சீனப் பெண் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்தான். அந்தக் காய்ச்சலுக்குப் பெயர் பெர்னார்ட்.

பெர்னார்ட் வார நாட்களில் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். சனி ஞாயிறுகளில் மெல்லலை இன்னிசைக் குழுவின் டிரம்மர். எந்தக் கல்யாண விருந்தானாலும் அவர் குச்சியைத் தூக்கினால் பிரியாணித் தட்டை வைத்துவிட்டு ஆட வருவார்கள். அப்படி ஒரு விருந்தில்தான் நானும் தட்டை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது தட்டும் இல்லை, மனசும் இல்லை.

அம்மாவுக்கு அல்போன்சம்மாள் என்று பெயர். புக்கிட் மேராவில் எங்கள் வீட்டு ஹாலிலேயே ரவிக்கை தைத்து என்னை ஆளாக்கியவள். அப்பா இறந்தபோது ஈப்போவிலிருந்து அவளுடைய அண்ணன் சூசைநாதன் ஓடி வந்து எங்களைத் தாங்கினார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸராக இருந்தவர், வெள்ளைச் சட்டையில் சுருக்கம் விழாத மனிதர். அவர் சொல்லை அம்மா ஒருநாளும் தட்டியதில்லை. அந்த மாமா விஷயத்தைக் கேள்விப்பட்டு டெலிபோனில் கேட்டது ஒரே கேள்வி. கொட்டடிக்கிறவனுக்கா நம் பெண்?

துவாஸில் நல்ல வேலை, பூசைக்குத் தவறாமல் வருகிறவர், குடி கிடையாது என்று நான் சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் எடுபடவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மூன்று மாதம் அடி வைத்தேன், அம்மா நகர்ந்தாள். நகர்ந்தவள் ஒரு நிபந்தனையோடு வந்து நின்றாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை கை எந்தக் கொட்டு மேலேயும் படக் கூடாது. பட்டால் மாமா அங்கேயே எழுந்து போய்விடுவார்.

"சபையில என் அண்ணன் தல குனியக் கூடாது பிரிஜட். அவர் எந்திரிச்சா நானும் எந்திரிச்சுடுவேன். பிறகு அம்மா எங்கன்னு தேடாத" என்றாள்.

அம்மா இல்லாத கல்யாணத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழுகையே வந்துவிட்டது. பெர்னார்டிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை, சரி என்றார். அன்றைக்கு ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் குறைந்துவிடமாட்டேன் என்றார். எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பஸ் ஸ்டாப் என்பதால் விட்டேன்.

ஆனால் விருந்துக்கு வாசிக்கப்போவதோ மெல்லலை. மாப்பிள்ளை மணமேடையில் உட்கார்ந்துவிட்டால் டிரம்ஸ் அடிப்பது யார்? குழுவின் தலைவர் தனசேகரன் அண்ணன் வேறு குழு ஆளைக் கூப்பிட மாட்டார். தன் மேடையில் போட்டிக் குழுக்காரன் உட்காருவதைவிடத் தான் கடலில் விழுவது மேல் என்றார். பிறகு ரகசியக் குரலில், தன்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதுவே டிரம்ஸ் அடிக்கும் என்றார்.

கஃப் ரோட்டில் அவருக்கு ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை. பின்கட்டில் அந்தக் கம்ப்யூட்டர் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. வாங்கி அரை வருஷம் ஆகியும் அண்ணன் அதற்குத் தினமும் ஊதுபத்தி காட்டினாரே தவிர, ஒரு தாளம்கூட வாங்கியதில்லை. அதை இயக்கும் புத்தகத்தைப் படித்துப் படித்து அவருக்குத் தலைவலிதான் மிச்சம். நான் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவள் அல்லவா? ஒரு மதியத்தில் அதன் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அதோடு வந்த ரப்பர் பலகைகளில் பெர்னார்ட் குச்சியால் அடிப்பார். ஒவ்வொரு அடியும் திரையில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டமாக விழும். தொம்மென்று அதிரும் கிக் டிரம்முக்கு ஒரு வரிசை, சுள்ளென்று தெறிக்கும் ஸ்னேர் டிரம்முக்கு ஒரு வரிசை. பிறகு அந்தக் கட்டங்களை நான் மவுஸால் பிடித்து முன்னே பின்னே நகர்த்தலாம், அழிக்கலாம், நகல் எடுக்கலாம். மறுபடி ஓட்டினால் கம்ப்யூட்டர் சொல்ல, பக்கத்தில் இருக்கிற ஒலிப்பெட்டி டிரம்ஸாக முழங்கும். அதைக் கேட்டதும் நான் அண்ணனின் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அடுத்த கடை மிளகாய் அரைக்கிற மில். பதிவு நடக்கும்போது அவர்கள் மூட்டை பிரித்தால் பெர்னார்டுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். தும்முகிற வேகத்தில் குச்சி எங்காவது பட்டு, பாட்டு நடுவே சம்பந்தமில்லாமல் ஒரு சிம்பல் தட்டு தெறிக்கும். அந்தத் தும்மல் கட்டங்களை எல்லாம் நான் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தேன். ஒன்றை மட்டும் ஆசைக்கு வைத்துக்கொண்டேன்.

எல்லாப் பாட்டும் பதிவானதும் கட்டங்களைப் பார்த்தால் ஒன்றாவது கோட்டின் மேல் நேராக நிற்கவில்லை. கொஞ்சம் முந்தியும் பிந்தியும் கிடந்தன. எனக்குக் கை அரித்தது. ஒரு எண் பிசகினாலே சரக்குப் பெட்டி ராட்டர்டாம் போவதற்குப் பதில் வேறெங்கோ போய்விடும் என்று பழக்கப்படுத்தப்பட்டவள் நான். அந்தக் கம்ப்யூட்டரில் குவான்டைஸ் என்று ஒன்று உண்டு. ஒரே தட்டு, அத்தனை அடிகளும் தாமாக ஓடிப்போய்க் கோட்டில் நிற்கும். தட்டினேன். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பழையதன் மேலேயே சேமித்தும் வைத்தேன்.

பெர்னார்ட் வந்து கேட்டார். முகம் சின்னதாகிவிட்டது.

"இது நான் இல்ல லா. என்.எஸ். பட்டாளத்துல லெஃப்ட் ரைட் போட்ட மாதிரி இருக்கு. இதுக்கு யாரும் ஆட மாட்டாங்க, சல்யூட்தான் அடிப்பாங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, உங்கள் அடிதான் கோணல், நான் நிமிர்த்தினேன் என்று சண்டைக்குப் போனேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டைக் கேட்டுக்கொண்டே என் முன்கையில் இரண்டு விரலால் தாளம் போட்டார். திரையில் இருந்ததும் கையில் விழுந்ததும் வேறு வேறாக இருந்தன. கோட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால் ஸ்னேர் விழுந்தது. எதிர்பார்த்துக் காத்திருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் இடுப்பு அசைகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நிமிர்த்தியது அவருடைய அழகை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மறுபடி பதிவு செய்யலாம் என்றால் பெர்னார்டுக்குத் துவாஸில் ஓவர்டைம், ஞாயிறு பூசைக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அத்தனை பாட்டையும் திரும்ப அடிக்க நேரமில்லை. அதனால் ஒவ்வொரு அடியையும் கையாலேயே நகர்த்துவது என்று முடிவு செய்தோம். ஓஃபிர் ரோடு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேரே கஃப் ரோடு. அவர் என் முன்கையில் தட்டுவார், அது விழுந்த இடத்துக்கு நான் கட்டத்தைத் தள்ளுவேன். "இன்னும் பின்னால... இல்ல, போயிட்டே... ஆங், அங்கதான்." கிக் என்றால் மணிக்கட்டு, ஸ்னேர் என்றால் முழங்கைப் பக்கம். தனசேகரன் அண்ணன் காவலுக்கு அங்கேயே தமிழ் முரசு பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாளம் முழங்கையைத் தாண்டினால் இருமுவார். அண்ணனுக்கு நெஞ்சுச்சளி என்று நாங்கள் மிளகு ரசம் வாங்கிக் கொடுத்தோம்.

இதற்கு முடிவே வேண்டாம் என்று எனக்கு இருந்தது. ஆபீஸில் எண்களைத் தட்டும்போதுகூட மணிக்கட்டு தானாக அந்தத் தாளத்தில் போய்விடும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தட்டி, முன்னால் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் தலையை ஆட்டி ரசிக்கும்படி ஆயிற்று. இவ்வளவு நகர்த்தி முடித்ததும் பாட்டு மறுபடி பெர்னார்டாகிவிட்டது. அவர் கேட்டுவிட்டு என் கையை எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணன் அன்றைக்கு இருமவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கோ புத்திசாலித்தனம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மேடையில் அண்ணன் ஒவ்வொரு பாட்டாகத் தேடி ஓட்டித் தடுமாறக் கூடாதே என்று, விருந்து முழுவதையும் ஒரே சரமாகக் கோத்துவிட்டேன். முதலில் நாங்கள் நடந்துவரும் தாளம். பிறகு கேக் வெட்டும்போது ஒரு டிரம் உருட்டல். பிறகு மாமாவின் வாழ்த்துரைக்கு ஆறு நிமிஷ மௌனம். அதன் பிறகு குழுவின் பாடகி சந்திரமதி அக்கா பாட, எல்லாரும் ஆட வேண்டிய குத்துப்பாட்டு. அண்ணன் ஒரு தடவை தட்டிவிட்டால் போதும், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். தொடவே கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நம் ஆட்கள் நேரத்துக்கு நடப்பார்களா என்று பெர்னார்ட் கேட்டார். கப்பலே நேரத்துக்கு வருகிறது, கல்யாணம் வராதா என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் அதுதான்.

காலையில் கோயிலில் தாலி கட்டி, சாயங்காலம் புக்கிட் மேரா சமூக மன்றத்தில் விருந்து. மண்டபக் கதவு திறந்தது, அண்ணன் தட்டினார், தாளம் எழுந்தது. நான் சிரித்த சிரிப்பில் போட்டோக்காரர் வாயை மூடச் சொல்லிக் கெஞ்சினார். நாலு எட்டு வைப்பதற்குள் ஈப்போ அத்தைகள் மறித்துக்கொண்டார்கள். ஒருத்தி மாலை போட்டாள். இன்னொருத்தி அதற்கு மேல் ஒரு மாலை போட்டாள், தரையைத் தொடுகிற ரோஜா மாலை. மூன்றாமவள் என் காதுத் தோட்டின் கல் உண்மையா என்று திருப்பிப் பார்த்தாள். மேசைக்கு மேசை போட்டோ. நாங்கள் பாதி மண்டபம் வருவதற்குள் நடைத் தாளம் முடிந்துவிட்டது. நான் மேடையைப் பார்த்தேன். அண்ணன் எனக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்ற இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கேக் உருட்டல், அத்தை ஒருத்தி எனக்கு ஆரஞ்சு ஜூஸ் புகட்டும்போது முழங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள், அத்தையும் பெருமையாகக் கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவசர அவசரமாகக் கேக் வெட்டி, மாமா கையில் மைக் போனபோது அவருடைய ஆறு நிமிஷத்தில் எவ்வளவு மிச்சம் என்று எனக்கே தெரியவில்லை.

மாமா அழகாகப் பேசினார். குடும்பப் பெருமை, கத்தோலிக்க நெறி, ஒழுக்கம். பிறகு அப்பாவைப் பற்றி ஆரம்பித்தார். மழையில் ரயிலேறி வந்ததையும், சவப்பெட்டியின் பக்கத்தில் நான் சின்னப் பெண்ணாக நின்றதையும் சொல்லும்போது அவர் குரல் கரகரத்தது. மண்டபமே மூக்கை உறிஞ்சியது. அந்த நொடியில், நான் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் நகர்த்தி நகர்த்தி வைத்த குத்துப்பாட்டு முழு வேகத்தில் கிளம்பியது.

அவ்வளவு நன்றாக அது என்றைக்கும் ஒலித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கே கால் ஆடியது. பின் வரிசையில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். ஒரு கிழவர் அழுதுகொண்டே ஆடினார். மாமா மைக்கைப் பிடித்தபடி சிலையாக நின்றார். தன்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறோம் என்று நினைத்துவிட்டார். அம்மா மேடையை நோக்கிக் கையை ஆட்ட, தனசேகரன் அண்ணன் பதறிப்போய்ச் சுவரிலிருந்து கம்ப்யூட்டரின் பிளக்கையே பிடுங்கினார்.

மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டால் பாட்டெல்லாம் சேமித்திருந்த பிளாப்பித் தட்டை அது கேட்டது. அண்ணன் அதைப் பத்திரமாக ஸ்பீக்கரின் மேல் வைத்திருந்தார். ஸ்பீக்கருக்குள் இருக்கிற காந்தம் அதிலிருந்த அத்தனையையும் தின்று தீர்த்திருந்தது. நகல் கஃப் ரோட்டுக் கடையில் பூட்டிக் கிடந்தது. சந்திரமதி அக்கா வெறும் மைக்கோடு நின்றார். ஆட எழுந்தவர்கள் உட்காரவும் தெரியாமல் ஆடவும் முடியாமல் விழித்தார்கள்.

மாமா மைக்கை இன்னும் விடவில்லை.

"மாப்பிள்ளைக்குத்தான் தொழில் தெரியுமே" என்றார். "போயி அடிக்கச் சொல்லுங்க. நாங்க கிளம்புறோம்."

மைக்கைக் கேக் மேசையில் வைத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். பெர்னார்டின் கைகள் முழங்காலில் இறுகியிருந்தன. போனால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப் போகும். போகாவிட்டால் விருந்து இப்படியே செத்துப்போகும். அவர் என்னைப் பார்த்தார். அம்மா முன் வரிசையில் கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவளும் போய்விடுவாள் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு நடுவிலேயே, நிபந்தனை மாப்பிள்ளைக்குத்தானே, பெண்ணுக்கு இல்லையே என்று ஒரு எண்ணம் குதித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினேன். ஒலிப்பெட்டியோடு இணைத்தபடியே ரப்பர் பலகைகளை அண்ணன் ஒரு ஓரத்தில் அழகுக்கு வைத்திருந்தார். குச்சியை வாழ்நாளில் நான் பிடித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு அடியும் எங்கே விழ வேண்டும் என்று என் முன்கைக்குத் தெரியும். மணிக்கட்டில் விழுந்தது கிக், முழங்கைப் பக்கம் விழுந்தது ஸ்னேர். கண்ணை மூடிக்கொண்டு முதல் அடியைப் போட்டேன். இரண்டாவதைப் போடாமல் ஒரு மயிரிழை காத்திருந்தேன். பிறகு போட்டேன்.

பின் வரிசைக் கிழவருக்கு அது போதுமாக இருந்தது. சந்திரமதி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். வேகம் கூடியது, வளையல் வேறு கலகலத்தது, ஆனால் தாளம் நின்றது. மணமேடையில் பெர்னார்ட் கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். தரையை விட்டு நாலு விரற்கடை மேலே மிதப்பதுபோல் எனக்கு ஒரு ஆனந்தம். இதைத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் தனியாக அனுபவித்தாரா என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அப்போது தாளத்துக்குள் வேறு ஏதோ கேட்டது. சம்பந்தமில்லாத சிம்பல், அதன் மேல் ஒரு டொம். அந்த ரப்பர் பலகைகள் எது பட்டாலும் முழங்குகிறவை. நான் குனியும் போதெல்லாம் ரோஜா மாலையின் குஞ்சம் ஊசலாடி அவற்றில் போய் விழுந்தது. நான் ஒரு அடி அடித்தால் மாலை இரண்டு அடி அடித்தது. கூட்டம் தடுமாற ஆரம்பித்தது. இரண்டு கையிலும் குச்சி, நிறுத்தினால் எல்லாம் முடிந்தது, தோளால் மாலையை ஒதுக்கப் பார்த்து இன்னும் மோசமாக்கினேன்.

கதவருகே நின்று மாமா கூப்பிட்டது மேடை வரைக்கும் கேட்டது.

"அல்போன்சா, வா."

அம்மா நடுவில் நின்றாள். மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் துணியின் தொங்கலும் சுருக்கமும் கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாதவள். நான் தலையைக் குனிந்துகொண்டு அடித்தேன். அவள் போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கழுத்தில் இருந்த பாரம் சட்டென்று குறைந்தது. பலகைகள் என் அடியை மட்டும் பேசின. திரும்பிப் பார்த்தேன். அம்மா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாலையின் இரண்டு தொங்கலையும் இரு கையாலும் என் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி எனக்குப் பின்னால் நின்றாள். முன்னூறு பேர் பார்க்க, அவளுடைய அண்ணன் பார்க்க நின்றாள்.

"நீ அடி. நான் பிடிச்சிருக்கேன்" என்றாள்.